மஞ்சள் ஸ்பைடரில் முனிகிருஷ்ணனின் நம்பர்

சந்தாபுராவில் முனிகிருஷ்ணனின் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு விலாசம் தேவைப்படாது. ஆனேகல் ரோட்டில் இறங்கி, வாசல் கேட் தாழ்ப்பாள்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். எந்தத் தெருவின் தாழ்ப்பாள்களில் 2846 என்று பொறித்திருக்கிறதோ அது அவர் தெரு. எந்த வீட்டில் அதிகமாகப் பொறித்திருக்கிறதோ அது அவர் வீடு.

அது வீட்டு எண்ணும் இல்லை, லாட்டரி எண்ணும் இல்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் அவர் ஃபிட்டராக இருந்தபோது கொடுத்த டோக்கன் நம்பர். அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு சட்டம் உண்டு. ஒரு சாமானில் கடைசியாகக் கை வைத்தவன் எவனோ, அவன் தன் நம்பரை அதில் அடித்துவிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். நாளைக்கு அது உடைந்தால் யாரைக் கேட்பது என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு எண்ணுக்கும் விரல் நீளத்தில் ஓர் எஃகுக் குச்சி. நுனியில் எண் புடைத்திருக்கும். வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. நம்பர் பஞ்ச் என்று பெயர். சுரங்கத்தை மூடி இருபத்து நாலு வருஷமாகிறது. சட்டத்தை முனிகிருஷ்ணன் மூடவில்லை. இட்லிப் பானையின் அடியில் 2846. தோசைக்கல்லின் காதில் 2846. எதிர்வீட்டு ராதாவின் குக்கர் கைப்பிடியில், தெருமுனை அம்மன் கோயில் உண்டியல் பூட்டில், எல்லாவற்றிலும் 2846. பக்கத்துத் தெருப் பசுமாட்டுக் கொம்பின் பித்தளைப் பூணில்கூட இருப்பதாகச் சொல்வார்கள். அந்த மாட்டைப் பார்த்தவர் யாருமில்லை.

முனிகிருஷ்ணன் இடது கைக்காரர். இடது கை அடித்த அடி என்பதால் எண்கள் நான்கும் நேராக நிற்காது. காற்றடித்த கரும்புபோல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

"எல்லாத்துலயும் போட்டாச்சு, என்னை மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கீங்க?" என்று மனைவி சங்கமித்ரா கேட்பாள். "நெத்தியில ஒண்ணு போட்டுடுங்க. தொலைஞ்சுபோனா கண்டுபிடிக்க வசதியா இருக்கும்."

"உன்மேல நான் வேலை ஒண்ணும் பாக்கலையே."

"அதுவும் சரிதான். முப்பத்தாறு வருஷமா ரிப்பேர்ல கிடக்கறது நீங்கதானே."

கைவேலைக்காரனுக்குள்ள கர்வம், அதனால் பெயர் போட்டுக்கொள்கிறார் என்று தெருவே நினைத்தது. சங்கமித்ராவும் அப்படித்தான் நினைத்தாள். முனிகிருஷ்ணன் யாரையும் திருத்தவில்லை. திருத்த வேண்டுமானால் காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்டவர் வீட்டு வாசலுக்குத்தான் மூன்று வருஷம் முன்பு ஒரு இழுவை வண்டி வந்து நின்று, ஒரு காரை இறக்கிவிட்டுப் போனது. கார் என்று அது தன்னைத்தானே சொல்லிக்கொண்டால் உண்டு. உள்ளே ஏறித் தரையில் கால் வைத்தால் தெருவில் நிற்கலாம், அப்படித் துரு தின்றிருந்தது. இருக்கைக்குள் எலி மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தது. ஆனால் அந்த உடம்பின் வளைவு இருக்கிறதே, அது துருவிலும் போகவில்லை. கடுகை அரைத்துப் பூசின மாதிரி மஞ்சள். இரண்டு பேருக்குத்தான் இடம். ஸ்டீரிங் இடப்பக்கம். 1970-ஆம் வருஷத்து ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர்.

வண்டி பிரேசர் டவுன் ரோஸியம்மாவுடையது. ரோஸியின் கணவர் அமல் அந்தக் காலத்தில் ஓர் இத்தாலிய இன்ஜினீயரிடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அந்த இன்ஜினீயர் ஏதோ நெசவு இயந்திரம் பூட்ட வந்தவர், கூடவே காரையும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். எழுபத்து மூன்றில் ஊர் திரும்பும்போது காரை அமலிடம் விட்டுப்போனார். ஏன் விட்டுப்போனார் என்பதற்குப் பிரேசர் டவுனில் மூன்று கதைகள் உண்டு. திருப்பி அனுப்பும் கஸ்டம்ஸ் தொல்லைக்குப் பயந்து என்பது ஒரு கதை. இதில் சுவாரஸ்யம் கிடையாது. ரோஸி போட்ட இறால் ஊறுகாய் ஒரு ஜாடிக்கு ஈடாக என்பது இரண்டாவது. அந்த ஊறுகாயைத் தின்ற இத்தாலியர் மூன்று நாள் ஸ்டீரிங்கைப் பிடிக்க முடியாமல் படுத்துவிட்டார், எழுந்தபின் காரைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கியது என்பது மூன்றாவது. ரோஸி மூன்றையும் மறுப்பதில்லை. பேப்பர்கள் மட்டும் சுத்தமாக அமல் பெயரில் இருந்தன.

அமல் கடைசியாக வேலை பார்த்தது பொம்மனஹள்ளியில் ஒரு டூல் ரூம் பட்டறையில். தங்கவயல் மூடியபின் முனிகிருஷ்ணன் வந்து சேர்ந்த இடமும் அதுதான். கொரோனா வருஷம் அமல் போய்விட்டார். முனிகிருஷ்ணன் ரிடையர் ஆனதும் ரோஸி போன் செய்தாள்.

"முனி, உங்க அமல் அண்ணன் உன் பேரைத்தான் மேன் சொல்லிட்டுப் போனாரு. வண்டியை வேற எவன் கையிலயும் குடுக்காதேன்னாரு. எனக்கு எழுபத்து மூணு ஆவுது. ஒரு தரம் அதுல உக்காந்து கோயிலுக்குப் போவணும். அவ்ளோதான்."

"கொண்டாந்து விடுங்க ரோஸிம்மா. இடது கைக்காரனுக்கு இடப்பக்க ஸ்டீரிங். நமக்குன்னே செஞ்ச வண்டி."

மூன்று வருஷம் செய்தார். போர்ட்டிகோவில் வண்டி படுத்துக்கொண்டதால் வீட்டுக்குள் போகிறவர்கள் பின்பக்கம் சுற்றித்தான் போனார்கள். தரைத் தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு பற்ற வைத்தார். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றி, சங்கமித்ரா ரசத்துக்கு வைத்திருந்த புளியில் ஊறப்போட்டு, ஊசித் துளைகளை நரம்புக் கம்பியால் குத்தி எடுத்தார். அன்றைக்கு ரசம் கிடையாது. கான்வாஸ் மேல்கூரையைச் சங்கமித்ராவே தன் மெஷினில் தைத்தாள். ஏழு ஊசி உடைந்தது, எட்டாவது ஊசிக்கு முன் இத்தாலி தேசத்தையே ஒரு முறை திட்டித் தீர்த்தாள். கார்புரேட்டர்கள் இரண்டும் ஒரே மூச்சாக இழுக்கின்றனவா என்று, ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை அதன் வாயிலும் வைத்து, டாக்டர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். போன சித்திரையில் ஒரு நாள் வண்டி இருமியது; அப்புறம் பேசியது. தெருவே கைதட்டியது. ராதா ஆரத்தி எடுத்தாள்.

ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே ஒன்று நடந்துவிட்டது. அது யாருக்கும் தெரியாது.

இன்ஜினின் பக்கவாட்டில் வெற்றிலை அகலத்துக்கு ஒரு சமதளம். அலுமினியம் வருஷக்கணக்கில் ஈரம் பட்டால் உப்புப் பூத்தாற்போல வெள்ளை பூக்கும். அந்த இடத்தில் பூப்பும் பழைய பெயின்டும் எண்ணெய்க் கறையும் கல்லாக இறுகிக் கிடந்தன. ஃபிட்டருக்குச் சொரசொரப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. முனிகிருஷ்ணன் அரத்தை எடுத்தார். ஒரே சீராக, ஒரே அழுத்தமாக இழுத்தார். இழுக்க இழுக்க உள்ளிருந்து வெள்ளிபோல வெளிச்சம் வந்தது. மனம் எங்கோ போய்விட்டது, கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு கணம் ஓர் ஏழின் தலை தெரிந்தது.

தெரிந்தது. கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தது. அப்புறம் அங்கே ஒன்றுமே இல்லை. முகம் பார்க்கலாம்போல இருந்தது.

அது என்ன ஏழு என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பஞ்ச் பெட்டியைத் திறந்து, அந்தக் கண்ணாடித் தளத்தில் நாலு அடி அடித்தார். அலுமினியம் மிருதுவானது, வெண்ணெயில் விரல் பதிந்தாற்போல ஆழமாக விழுந்தது. 2846.

இது நடந்து மூன்று மாதம் கழித்து, போன வைகாசியில், ரோஸி ஒரு கடிதத்தோடு வந்தாள். கடிதம் இத்தாலியிலிருந்து. அந்த இன்ஜினீயர் இறந்துவிட்டார். ஐம்பது வயதுக்காரி ஒரு மகள். அப்பா வாழ்நாளெல்லாம் இந்த மஞ்சள் காரின் கதையைச் சொல்லியிருக்கிறார். டைரியில் இன்ஜின் நம்பரை எழுதிவைத்து, அந்த நம்பரின் போட்டோவையும் ஒட்டியிருக்கிறார். மகள் பெங்களூர் வருகிறாள். ஏற்கெனவே வேறு ஊரில் யாரோ வேறொரு மஞ்சள் காரைக் காட்டி, இதுதான் உங்கள் அப்பா கார் என்று ஏமாற்றப் பார்த்திருக்கிறார்களாம். அதனால் அவள் கேட்பது ஒன்றே ஒன்று: இன்ஜின் நம்பரின் மேல் ஒரு முறை விரலை வைத்துப் பார்க்க வேண்டும்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றா. அமல் இருந்திருந்தா எவ்ளோ பெருமைப்பட்டிருப்பாரு, சொல்லு!" என்றாள் ரோஸி. "நம்பரு சேஃபாத்தானே மேன் இருக்கு? நம்பரு அழிஞ்ச வண்டின்னா திருட்டு வண்டின்னுதான் எவனும் சொல்லுவான்."

"இருக்கு ரோஸிம்மா," என்றார் முனிகிருஷ்ணன்.

சொல்லிவிட்டார். பொய் அத்தனை சுலபமாக வந்தது, ஏப்பம் மாதிரி.

அன்று மத்தியானம் கடிதத்தோடு வந்த அந்தப் போட்டோவின் நகலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். எண்கள் பெரியவை, கனமானவை. கடைசியில் நின்றது ஏழு. அவருடைய பஞ்ச் செட் சின்னது, ஒத்துவராது. ஆனால் அதே உயரம், அதே கனத்தில் ஒரு செட் இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். சுரங்கம் மூடியபோது கூட வேலை பார்த்த கோவிந்தப்பா எடுத்துவந்த சீமைச் செட். 2846-ஐ இழைத்து எடுத்துவிட்டு, போட்டோவைப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்து, கொஞ்சம் உப்புத் தண்ணீர் தடவி மூன்று நாள் வைத்தால், ஐம்பது வருஷத்து நம்பர் மறுபடி பிறந்துவிடும். இத்தாலிக்காரி விரல் வைப்பாள். ரோஸி கோயிலுக்குப் போவாள். அமல் திருடன் ஆக மாட்டார்.

கெட்ட யோசனைக்கு எப்போதும் காரணங்கள் நல்லவையாகத்தான் இருக்கும்.

இதில் ஒரே ஒரு முள். உலகத்தில் எவரிடம் வேண்டுமானாலும் பஞ்ச் கேட்கலாம், கோவிந்தப்பாவிடம் கேட்கக் கூடாது. அதற்குத் தொண்ணூற்று எட்டாம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

இருவரும் ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவர்கள். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டைத் தாங்கிப் பிடிக்கிற தடி ஆணிபோன்ற ஒரு இரும்புப் பின்னைச் செய்யும் வேலை கோவிந்தப்பாவுடையது. அன்றைக்கு அவர் மகள் சஹானாவுக்குக் காதுகுத்து. லீவு கிடைக்கவில்லை. "மத்தியானம் நைசா போயிட்டு வந்துடறேன் முனி, பின்னை நீ முடிச்சு என் நம்பரை அடிச்சிடு" என்று தன் பஞ்ச் செட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். முனிகிருஷ்ணன் முடித்தார். பின்னின் மூலையை வளைவாகத் தேய்க்க வேண்டும்; கூராக விட்டால் ஒரு நாள் அங்கிருந்து கீறல் ஓடும். அது ஃபிட்டர் பாடத்தின் முதல் பக்கம். ஷிப்ட் முடியும் நேரம், பசி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூராகவே விட்டார். கோவிந்தப்பாவின் நம்பர் 1688. அதை அடித்தார்.

பதினேழாம் நாள் அந்தப் பின் உடைந்தது. பதினொரு பேரோடு கூண்டு பாதி வழியில் தொங்கியது. ஏழு மணி நேரம். உயிர் போகவில்லை, ஒருவருக்குக் கால் போனது. விசாரணையில் பின்னை மேஜைமேல் வைத்தார்கள், நம்பரைப் படித்தார்கள். கோவிந்தப்பாவுக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன். அவருக்கு வரவிருந்த சார்ஜ்மேன் பதவி வரிசையில் அடுத்தவருக்குப் போனது. அடுத்தவர் முனிகிருஷ்ணன். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தார், மாலையைப் போட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்துதான் கை பட்டதிலெல்லாம் தன் நம்பர். இட்லிப் பானையில் அடித்தால் அந்தப் பின்னில் அடித்தது அழிந்துபோகும் என்பதுபோல.

செவ்வாய்க்கிழமை காலையில் மஞ்சள் காரை எடுத்துக்கொண்டு பொம்மனஹள்ளிக்குக் கிளம்பினார். புது மெஷினை ஓட்டிப் பழக்க வேண்டும் என்று சங்கமித்ராவிடம் சொன்னார். ஓசூர் ரோட்டில் லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு, "யஜமான்ரே, ஹோகி!" என்று, ஐயா நீங்கள் போங்கள் என்பதாக, சலாம் வைத்தார். அத்தனை மரியாதையும் முனிகிருஷ்ணன் முதுகில் அரிப்பாக இறங்கியது.

கோவிந்தப்பா மகளோடு ஒரு மாடிவீட்டில் இருந்தார். ஹார்ன் சத்தம் கேட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஏனப்பா முனி! மாங்கொட்டைக்குச் சக்கரம் மாட்டிக் கொண்டாந்துட்டியே மாராயா!" வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "சரி, என்ன வேணும்? சும்னே வர்ற ஆளு இல்லையே நீ."

"அந்தச் சீமைப் பஞ்ச் செட் வச்சிருக்கியே கோவிந்து. ரெண்டு நாளைக்கு வேணும்."

"ஊரையே அடிச்சு வச்சிருக்கியாமே, உன் செட்டு தேஞ்சு போச்சா?"

"இது வேற சைஸு."

"யார் நம்பரு அடிக்கணும்?"

கோவிந்தப்பா பானெட்டைத் தூக்கச் சொன்னார். சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இழைத்த இடத்தைப் பார்த்தார். பழைய ஃபிட்டருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2846-இன் மேல் விரலை ஓட்டினார்.

"சாயுது பாரு. எட்டு குடிச்சவன் மாதிரி நிக்குது. உன் கை மாறவே இல்ல."

"இடது கைதானே."

"ம். அந்தப் பின்லயும் இப்படித்தான் சாஞ்சிருந்தது."

தெருவில் காய்கறிக்காரர் கூவிக்கொண்டு போனார்.

"விசாரணையில மேஜைமேல வச்சுக் கேட்டாங்க, இது உன் நம்பர்தானேன்னு," என்றார் கோவிந்தப்பா. "நம்பரு என்னுது. அடி என்னுது இல்ல. நான் வலது கைக்காரன். ஏழு ஆபீசருங்க உக்காந்திருந்தாங்க, ஒருத்தனுக்கும் கண்ணு தெரியல. ஹௌது சார், என்னுதுதான்னேன்."

"ஏன் கோவிந்து சொல்லல?"

"வேலை நேரத்துல ஓடுனது நான். அது என் தப்பு. மூலையைக் கூரா விட்டது நீ. என் தப்பை நான் ஒத்துக்கிட்டேன். உன்னுதை நீ ஒத்துக்குவேன்னு பாத்தேன். இருபத்தேழு வருஷமா பாக்கறேன்."

முனிகிருஷ்ணன் அவர் கையைப் பிடிக்கப் போனார். கோவிந்தப்பா கையைக் கொடுக்கவில்லை, லுங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"எங்கிட்ட அழாதே. எனக்குத் தெரிஞ்ச விஷயத்தை எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? இவகிட்டச் சொல்லு."

சஹானா இரண்டு டம்ளர் காபியோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் லேப் வேலை. அன்றைக்கு மத்தியான ஷிப்ட் போலிருக்கிறது, தலை ஈரமாக இருந்தது. காதில் சின்னதாக இரண்டு கல் தோடு.

"எங்கம்மா சாவறவரைக்கும் இவளைப் பேரு சொல்லிக் கூப்பிடல முனி. காது குத்துன அன்னிக்கே அப்பனைக் கவுத்தவன்னுதான் கூப்பிட்டா. சொந்தக்காரங்க கல்யாணத்துல இவளைச் சீர்த்தட்டு தொட விடல. நான் சொன்னா மகளைக் காப்பாத்த அப்பன் கதை கட்டறான்னு ஆவும். அடிச்சவன் வாயால வரணும்."

முனிகிருஷ்ணன் சொன்னார். நின்றுகொண்டே, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, பின், மூலை, பசி, நம்பர் எல்லாவற்றையும் சொன்னார். சஹானா டம்ளர்களைப் பிடித்தபடியே கேட்டாள்.

"பாட்டி போய் ஒம்போது வருஷம் ஆச்சு அங்கிள்," என்றாள் கடைசியில். "இப்ப நான் இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு, "ஆறுது, குடிங்க," என்று டம்ளரை நீட்டினாள். அந்தக் காபியில் சர்க்கரை இருந்ததா என்று முனிகிருஷ்ணனுக்கு இன்றுவரை தெரியாது.

கோவிந்தப்பா மாடிக்குப் போய்ப் பஞ்ச் பெட்டியோடு வந்தார். "இந்தா. எடுத்துட்டுப் போறதுன்னா போ. எந்த நம்பரை அடிச்சாலும் சாயும். உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்."

முனிகிருஷ்ணன் பெட்டியைத் தொடாமல் வண்டியில் ஏறினார்.

வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே பிரேசர் டவுனுக்கு விட்டார். வண்டிச் சத்தம் கேட்டு ரோஸி வாசலுக்கே வந்துவிட்டாள். தலையில் ஸ்கார்ஃப், கையில் பர்ஸ். ஐம்பது வருஷமாகத் தயாராக நின்றவள் மாதிரி. கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"ஏறாதீங்க ரோஸிம்மா. ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு ஏறுங்க."

சொன்னார். ரோஸி பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு இன்ஜினில் எது மேல் எது கீழ் என்று தெரியாது, ஆனால் 2846 படிக்கத் தெரியும்.

"இருக்குன்னியே மேன் அன்னிக்கு. என் மூஞ்சியைப் பாத்து இருக்குன்னியே."

"பொய் சொன்னேம்மா."

"செத்துப்போன மனுஷனைத் திருடன் ஆக்கிட்டியே. அந்தப் பொண்ணு என்னா நெனைப்பா? ஸ்டோர் கீப்பரு சாமானைத் தள்ளிட்டான்னுதானே?" பர்ஸைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள். "நான் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை நீ வர்றே. நீயே அவகிட்டச் சொல்றே. எனக்கு ஊறுகா கதை சொல்லத்தான் தெரியும். இதெல்லாம் எனக்கு வராது."

அன்றைக்கு அவள் வண்டியில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம். இத்தாலிக்காரி ரோஸி வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். குட்டையாகக் கத்தரித்த நரைத் தலை, தட்டைச் செருப்பு, மார்போடு அணைத்த டைரி. காரைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக வந்து கதவின் வளைவைத் தடவினாள், கான்வாஸ் கூரையின் தையலைத் தடவினாள். முனிகிருஷ்ணன் பானெட்டைத் திறந்தார். அவள் விரல் தானாகவே அந்த இடத்துக்குப் போனது; போட்டோவை எத்தனை நாள் பார்த்திருப்பாள்! 2846-இன் மேல் நின்றது. டைரியைப் பார்த்தாள். மறுபடி இன்ஜினைப் பார்த்தாள். அவள் முகத்தில் கதவு சாத்துவதுபோல ஒன்று சாத்திக்கொண்டது. வேறு ஊரில் பார்த்த மஞ்சள் கார் ஞாபகம் வந்திருக்கும்.

"மை நம்பர் மேடம்," என்றார் முனிகிருஷ்ணன், டூல் ரூம் இங்கிலீஷில், அரம் இழுப்பதுபோலக் கையை ஆட்டிக்கொண்டே. "ஓல்டு நம்பர், ஐ ஃபைல்டு. மிஸ்டர் அமல் நோ மிஸ்டேக். ஒன்லி மீ."

ரோஸி சொல்ல மாட்டேன் என்று சபதம் போட்டவள்தான். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தையும் முனிகிருஷ்ணனின் முகத்தையும் பார்த்தவளுக்கு வாய் நிற்கவில்லை. கான்வென்ட் இங்கிலீஷில் பொழிந்தாள். துரு மூடியிருந்தது, கல்லாக இறுகியிருந்தது, உள்ளே நம்பர் இருப்பது இவனுக்குத் தெரியவே தெரியாது, தெரியாமல் நடந்துபோயிற்று, ஏழை மனுஷன், மூன்று வருஷம் உழைத்தவன். இத்தாலிக்காரியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. தெரியாமல் செய்தது என்றால் என்ன செய்ய முடியும் என்பதுபோலத் தலையசைத்தாள். அத்தோடு முடிந்திருக்கும். முனிகிருஷ்ணன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டு நிற்பதில் அவருக்கு இருபத்தேழு வருஷப் பழக்கம்.

"நோ மேடம். ஐ சா."

ரோஸி திரும்பினாள். "இன்னா மேன்?"

"ஏழு தெரிஞ்சுது ரோஸிம்மா. கடைசி நம்பரு. தலை மட்டும் தெரிஞ்சுது. தெரிஞ்ச அப்புறமும் ரெண்டு இழுப்பு இழுத்தேன். வேலை நல்லா வந்துட்டிருந்தது, நிறுத்த மனசு வரல." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். "ஒன் செவன், ஐ சா. ஆஃப்டர், டூ டைம்ஸ் மோர், ஐ ஃபைல்டு."

இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

அவள் அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை; சொன்னால் அவருக்குப் புரிந்தும் இருக்காது. குனிந்து, சாய்ந்த எட்டின் மேல் கட்டைவிரலை வைத்து, வெகு நேரம் எடுக்காமல் இருந்தாள். பிறகு டைரியில், அப்பாவின் எண்ணுக்குக் கீழே காலியாக இருந்த இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினாள். முனிகிருஷ்ணன் 2846 என்று எழுதினார். இடது கை, மையிலும் சாய்ந்தது.

"ஸ்டார்ட்?" என்றாள்.

ஸ்டார்ட் செய்தார். முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. கேட்டதும் அந்தப் பெண் டைரியால் முகத்தை மூடிக்கொண்டாள். வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். போய்ச் சுற்றிவிட்டு வா என்று அவளை முதலில் அனுப்பினாள் ரோஸி. இரண்டு தெரு சுற்றித் திரும்பி வந்ததும், ரோஸி ஸ்கார்ஃபை முடிந்துகொண்டு, முனிகிருஷ்ணனுக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்தாள். கோயில்வரைக்கும் அவர் பக்கம் திரும்பவில்லை. மாதா சொரூபத்தின் முன் நிறுத்தினபோது மட்டும் கேட்டாள்.

"ரெண்டு இழுப்பா, மூணு இழுப்பா?"

முனிகிருஷ்ணன் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"மூணு இருக்கலாம் ரோஸிம்மா."

"ம்," என்றாள் ரோஸி. "போயி அதையும் அவகிட்டச் சொல்லு."